முதுநிலை கால்நடை ஆய்வு: தலைப்பு முதல் ஆய்வேடு வரை

முதுநிலைப் படிப்பில் ஆராய்ச்சிக்குக் கிடைக்கும் காலம் பெரும்பாலும் ஓராண்டுக்குள் அடங்கிவிடும். விலங்குகள் அந்த அட்டவணையைப் பார்த்து வளர்வதில்லை. அதனால் தலைப்பை யோசிக்கும் முன் நாட்காட்டியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இறைச்சிக்கோழிக்கு 35 முதல் 42 நாட்கள் போதும். பன்றியின் சினைக்காலம் 114 நாட்கள், ஆட்டுக்கு ஏறத்தாழ 150, பசுவுக்கு 280 நாட்களுக்குச் சற்றுக் கூட, எருமைக்கு 310ஐ ஒட்டி. ‘சினைப்பசுவுக்குக் கொடுக்கும் தாது உப்பு கன்றின் வளர்ச்சியை எப்படிப் பாதிக்கிறது’ என்பது அருமையான கேள்வி. ஆனால் சினை ஊசி போடும் நாளிலிருந்து தொடங்கினால் கன்று நிலத்தில் விழும்போது உங்கள் ஆய்வுக் காலம் முடிந்திருக்கும்.

உடலுக்குள் ஓடும் கடிகாரங்களும் உண்டு. காளையில் ஒரு விந்தணு உருவாக 61 நாட்கள் ஆகும். விதைமேற்குழலைக் கடந்து வெளியே வர மேலும் ஒரு வாரத்துக்கு மேல் பிடிக்கும். நான்கு வாரம் தீவனம் கொடுத்துவிட்டு விந்துத் தரத்தைச் சோதித்தால், அந்தத் தீவனத்தைப் பார்க்காத காலத்தில் உருவாகத் தொடங்கிய விந்தணுக்களைத்தான் எண்ணிக்கொண்டிருப்பீர்கள். ஆட்டின் இரைப்பையில் ரத்தம் உறிஞ்சும் ஹீமாங்கஸ் புழு உள்ளே நுழைந்து சாணத்தில் முட்டையாகத் தெரிய ஏறத்தாழ மூன்று வாரம் ஆகும். பத்தாம் நாள் சாணத்தைச் சோதித்து ‘தொற்று இல்லை’ என்று எழுதினால் அது பிழை. எந்த அளவீடு எத்தனை நாளில் அசையும் என்று தெரிந்த பிறகே தலைப்பு.

கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

எந்த விலங்கு, எந்த வயது, என்ன கொடுக்கிறோம், எதோடு ஒப்பிடுகிறோம், எதை அளக்கிறோம், எத்தனை நாளில். இந்த ஆறும் ஒரே வாக்கியத்தில் அடங்க வேண்டும். ‘மர இலைத் தூளின் விளைவுகள்’ என்பது வெறும் தலைப்பு. ‘3 முதல் 4 மாத வெள்ளாட்டுக் குட்டிகளுக்கு அடர்தீவனத்தில் 20 சதவீதத்தை இலைத் தூளாக மாற்றிக் கொடுத்தால், மாற்றாமல் கொடுத்த குட்டிகளைவிட 90 நாட்களில் அன்றாட எடை அதிகரிப்பு வேறுபடுமா?’ என்பதுதான் கேள்வி. கீழே பல இடங்களில் இந்த உதாரணத்தையே வைத்துப் பேசுவோம்.

முதன்மை அளவீடு ஒன்றுதான் இருக்கட்டும். எடை, ரத்தச் சர்க்கரை, புழு முட்டை எண்ணிக்கை, இறைச்சித் தரம், மரபணு வெளிப்பாடு என்று அடுக்கிக்கொண்டே போகும் ஆசை எல்லோருக்கும் வரும். எத்தனை விலங்குகள் தேவை என்பதை அந்த ஒரு முதன்மை அளவீட்டை வைத்துத்தான் கணக்கிட முடியும். மற்றவை துணை அளவீடுகள். ஆய்வேட்டிலும் அப்படியே சொல்லுங்கள்.

முன் ஆய்வுகளைப் படிக்கும்போது முடிவுரையோடு நிறுத்திவிடாதீர்கள். உங்களுக்கு வேண்டிய சரக்கு அட்டவணைகளில் இருக்கிறது. சராசரி எவ்வளவு, விலங்குக்கு விலங்கு எவ்வளவு வேறுபட்டது, எத்தனை விலங்குகள் என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதி வாருங்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. பல கட்டுரைகள் திட்ட விலக்கத்தை (விலங்குக்கு விலங்கு உள்ள வேறுபாட்டின் அளவு) தராமல் திட்டப் பிழையை (சராசரி எவ்வளவு தடுமாறலாம் என்பதன் அளவு) தருகின்றன. 9 குட்டிகளில் திட்டப் பிழை 8 கிராம் என்று இருந்தால், அதை 9இன் வர்க்கமூலமான 3ஆல் பெருக்க வேண்டும். திட்ட விலக்கம் 24 கிராம். 8ஐயே எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டால் தேவையான எண்ணிக்கை ஒன்பதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். ஆய்வு அன்றே தோற்றுவிட்டது, தெரியவருவதுதான் கடைசி மாதத்தில்.

ஆய்வின் அலகு எது?

ஆய்வேட்டுத் தேர்வில் மாணவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. சற்று நிதானமாகப் படியுங்கள்.

எந்த அலகுக்குத் தனியாகக் குலுக்கிப் போட்டு சிகிச்சையை ஒதுக்குகிறீர்களோ, அதுவே ஆய்வின் அலகு. இரண்டு கொட்டில்கள், ஒவ்வொன்றிலும் 50 கோழிகள், ஒன்றுக்குப் புதிய தீவனம், மற்றொன்றுக்குப் பழைய தீவனம் என்று வைத்துக்கொள்வோம். பார்க்க 100 கோழிகள். புள்ளியியல் கணக்கில் பக்கத்துக்கு ஒன்று, மொத்தம் இரண்டே அலகுகள். ஒரு கொட்டிலில் காற்றோட்டம் நன்றாக இருந்திருக்கலாம், இன்னொன்றில் ஆழ்கூளம் ஈரமாகி அம்மோனியா ஏறியிருக்கலாம். எடை வேறுபாடு தீவனத்தால் வந்ததா கொட்டிலால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல எந்த மென்பொருளாலும் ஆகாது. 1984இல் சூழலியலாளர் ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் இந்தத் தவறுக்குப் பெயரே வைத்தார்: போலி ரெப்ளிகேஷன், அதாவது ஒரே அலகைப் பல அலகுகளாக எண்ணிக்கொள்வது.

அதே 100 கோழிகளை 10 கோழிகள் கொண்ட 10 தடுப்புகளாகப் பிரித்து, 5 தடுப்புக்கு இது, 5 தடுப்புக்கு அது என்று குலுக்கினால் பக்கத்துக்கு 5 அலகுகள் கிடைக்கும். அதே கோழிகள், அதே தீவனம்; கூடுதலாகத் தேவைப்படுவது தடுப்பு வலையும் தீவனத்தொட்டிகளும்தான். ஆடு, மாடுகளைத் தனித்தனியாகக் கட்டி, தனித்தனியாகத் தீவனம் வைத்து, எஞ்சியதைத் தனித்தனியாக நிறுத்தால் ஒவ்வொரு விலங்கும் ஓர் அலகு. பொதுத் தொட்டியில் தின்றால் கூட்டம்தான் அலகு. ஒரு கூட்டத்துக்குள் ஊசி மருந்தை விலங்கு விலங்காகக் குலுக்கிப் போட்டால் மீண்டும் விலங்கே அலகு. மருந்து தின்னும் தீவனத்தில் போகிறதா, ஊசியில் போகிறதா என்பதைப் பொறுத்தே இது மாறுகிறது. ஒரே ரத்த மாதிரியை மூன்று முறை சோதித்தாலும் அது ஒரு விலங்குதான், மூன்றல்ல.

எத்தனை விலங்குகள்?

இரண்டு குழுக்களின் சராசரியை ஒப்பிட, 80 சதவீத வாய்ப்போடும் (உண்மையில் உள்ள வேறுபாட்டைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு) 5 சதவீதப் பிழை எல்லையோடும் (இல்லாத வேறுபாட்டை இருப்பதாகச் சொல்லிவிடும் வாய்ப்பு), கைக்கணக்கு ஒன்று இருக்கிறது. திட்ட விலக்கத்தின் வர்க்கத்தை 16ஆல் பெருக்கி, நீங்கள் கண்டுபிடிக்க விரும்பும் வேறுபாட்டின் வர்க்கத்தால் வகுங்கள். வருவது ஒரு குழுவுக்கான எண்ணிக்கை.

நம் குட்டிகளுக்குத் திட்ட விலக்கம் நாளொன்றுக்கு 24 கிராம். 20 கிராம் வேறுபாடாவது இருந்தால்தான் பண்ணையாளருக்குப் பயன் என்று வைப்போம். 16 × 576 ÷ 400 = 23.04. குழுவுக்கு 24 குட்டிகள். இடையில் இறப்பு, நோய் என்று 10 சதவீதம் கழியும் என்றால் 24ஐ 0.9ஆல் வகுத்து 27. குழுவுக்கு 27 வேண்டும்.

கொட்டிலில் மொத்தமே 24 குட்டிகள்தான் இருக்கின்றன என்று வையுங்கள். பெரும்பாலான ஆய்வுகள் இந்த நிலையில்தான் தொடங்குகின்றன. அப்போது கணக்கைத் திருப்பிப் போடுங்கள். மூன்று குழுக்களாக, குழுவுக்கு 8 குட்டிகள் வைத்தால் 34 கிராம் வேறுபாட்டைத்தான் நம்பிக்கையோடு காண முடியும். இரண்டு குழுக்களாக, குழுவுக்கு 12 என்றால் 28 கிராம். தொடக்க எடையை வைத்து ஜோடி சேர்த்தோ, பகுப்பாய்வில் அதைச் சரிக்கட்டியோ விலங்குக்கு விலங்கு உள்ள வேறுபாட்டைக் குறைத்தால் இன்னும் இறங்கலாம். தொடக்க எடைக்கும் பிந்தைய வளர்ச்சிக்கும் ஒட்டுறவுக் கெழு (இரண்டும் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்பதன் அளவு; உச்சம் 1) 0.6 என்றால் திட்ட விலக்கம் 24இலிருந்து 19.2 ஆகும், 12 குட்டிகளிலேயே 22 கிராம் வேறுபாடு தெரியும். மூன்று இலைத் தூள் அளவுகளைச் சோதிக்கும் ஆசையை விட்டுக்கொடுத்து ஒரே அளவைச் சரியாகச் சோதிப்பது நல்லது என்பதே எங்கள் கருத்து. நான்கு குழுக்களில் ஆறாறு விலங்குகள் வைத்து, எல்லாவற்றிலும் ‘குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை’ என்று முடியும் ஆய்வுகளுக்குக் குறைவே இல்லை. வேறுபாடு இல்லாததாலா, எண்ணிக்கை போதாததாலா என்று அவற்றைப் படிப்பவருக்குத் தெரிய வழியில்லை.

நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்று கணக்கெடுக்கும் ஆய்வுக்குச் சூத்திரம் வேறு. பரவல் தெரியாதபோது 50 சதவீதம் என்று எடுத்து, 5 சதவீதத் துல்லியத்தோடு, 95 சதவீத நம்பிக்கையில் கணக்கிட்டால் 385 விலங்குகள். அந்த எண்ணை அப்படியே எடுத்துப் பயன்படுத்துவது பெரிய தவறு. ஒரு மந்தையில் இருக்கும் மாடுகள் ஒன்றுக்கொன்று தொற்றைக் கொடுத்துக்கொள்பவை. மந்தைக்குப் பத்து மாடு எடுத்தால் பத்துத் தனிச் செய்திகள் கிடைப்பதில்லை. மந்தைக்குள் ஒற்றுமை (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் எல்லாம் ஒன்றுபோல்) 0.1 என்றால், பத்தில் ஒன்று போக 9ஐ வைத்து, 1 + 9 × 0.1 = 1.9 மடங்கு வேண்டும். 385 என்பது 732 ஆகிறது. அதைவிட மந்தைக்கு மூன்று நான்கு மாடுகள் என்று நிறைய மந்தைகளுக்குப் போவது சிக்கனம்.

சோதனை முறையும் பொய் சொல்லும். 10 சதவீதம் நேர்மறை என்று வந்தது, சோதனையின் உணர்திறன் (நோயுள்ளதை நோயுள்ளது என்று காட்டும் விகிதம்) 90, தனித்தன்மை (நோயில்லாததை இல்லை என்று காட்டும் விகிதம்) 95 சதவீதம் என்று வையுங்கள். உண்மைப் பரவல் (0.10 + 0.95 − 1) ÷ (0.90 + 0.95 − 1), அதாவது 5.9 சதவீதம். ஏறத்தாழ பாதி. 60 மாடுகளைச் சோதித்து ஒன்றிலும் நோய் இல்லை என்றாலும் ‘இந்தப் பகுதியில் நோயே இல்லை’ என்று எழுதக் கூடாது. ஒன்றுமே கிடைக்காதபோது 3ஐ மாதிரி எண்ணிக்கையால் வகுப்பது 95 சதவீத நம்பிக்கையில் மேல் எல்லையைத் தரும் கைக்கணக்கு. 3ஐ 60ஆல் வகுத்தால் 5 சதவீதம், அதுவரை பரவல் இருக்க இடமுண்டு.

நெறிமுறைக் குழுவின் அனுமதி

அனுமதி கைக்கு வரும்வரை எந்த விலங்கிடமிருந்தும் எதையும் எடுக்காதீர்கள். முன்னோட்டச் சோதனைக்கும் இது பொருந்தும். பின்தேதியிட்ட அனுமதியை நல்ல ஆய்விதழ் எதுவும் ஏற்காது. குழு மாதம் ஒருமுறையோ அதைவிட அரிதாகவோ கூடலாம். திருத்தம் கேட்டால் அடுத்த கூட்டம்வரை காத்திருக்க வேண்டும். எனவே முன்மொழிவை எழுதும்போதே விண்ணப்பத்தையும் எழுதுங்கள்.

1959இல் ரஸ்ஸல், பர்ச் இருவரும் முன்வைத்த மூன்று கொள்கைகளைத்தான் எல்லாக் குழுக்களும் கேட்கும்: விலங்கு இல்லாமல் செய்ய முடியுமா, குறைவான விலங்குகளில் முடியுமா, துன்பம் குறைய என்ன செய்திருக்கிறீர்கள். இரண்டாவதற்கு மேலே போட்ட கணக்கே விடை. மிகக் குறைவாக எடுப்பதும் தவறுதான். விடையே தராத ஆய்வில் 24 குட்டிகள் பட்ட சிரமம் வீண்.

எந்த நிலையில் ஒரு விலங்கை ஆய்விலிருந்து விலக்கிச் சிகிச்சை தருவீர்கள் என்பதை எண்களில் எழுதுங்கள். ‘உடல்நிலை மோசமானால்’ என்பது போதாது. உடல் எடையில் 20 சதவீதம் குறைந்தால், 24 மணி நேரம் தீவனம் தொடாவிட்டால், எழுந்து நிற்க முடியாவிட்டால் என்று தெளிவாக இருக்கட்டும். அதை யார் பார்ப்பார், ஞாயிற்றுக்கிழமை யார் பார்ப்பார் என்பதும் வேண்டும். பிறர் வளர்க்கும் விலங்கென்றால் உரிமையாளரிடம் அவருக்குப் புரியும் மொழியில் எழுத்து ஒப்புதல் வாங்குங்கள். மருந்து கொடுத்த விலங்கின் பாலும் இறைச்சியும் எத்தனை நாள் உணவுக்குப் போகக் கூடாது என்பதையும் அதே தாளில் எழுதிக் கொடுங்கள்.

விலங்கு ஆய்வுகளில் எதையெல்லாம் தெரிவிக்க வேண்டும் என்று அரைவ் வழிகாட்டு நெறிகள் பட்டியலிடுகின்றன. 2010இல் வந்தவை, 2020இல் திருத்தப்பட்டன. ஆய்வேடு எழுதும்போது தேடாமல், இப்போதே அச்செடுத்துச் சுவரில் ஒட்டுங்கள். குலுக்கல் எப்படி நடந்தது என்று ஒன்பது மாதம் கழித்து யோசித்தால் நினைவுக்கு வராது.

குலுக்கிப் பிரித்தல்

கொட்டிலைத் திறந்து முதலில் கைக்கு வந்த எட்டுக் குட்டிகளை முதல் குழுவில் போடாதீர்கள். முதலில் பிடிபடுபவை சாதுவானவை, மந்தமானவை, சில சமயம் நோய்ப்பட்டவை. கடைசியில் பிடிபடுபவை துடிப்பானவை. குழுக்கள் தொடக்கத்திலேயே வேறாகிவிடும்.

இப்படிச் செய்யுங்கள். எல்லாக் குட்டிகளையும் நிறுத்து, எடை வரிசையில் எழுதுங்கள். மேலிருந்து இரண்டிரண்டாகப் பிரியுங்கள். 24 குட்டிகளில் 12 ஜோடி. ஒவ்வொரு ஜோடிக்குள்ளும் எது எந்தக் குழு என்பதைக் கணினியின் தற்செயல் எண்ணால் தீர்மானியுங்கள். ஆண், பெண் கலந்திருந்தால் முதலில் பாலினவாரியாகப் பிரித்துவிட்டு இதைச் செய்யுங்கள். கறவை மாடுகளில் ஈற்று எண்ணிக்கையும் கன்று ஈன்று எத்தனை நாளாயிற்று என்பதும் எடையைவிட முக்கியம். அந்தக் குலுக்கல் தாளைத் தேதியிட்டு வையுங்கள்.

எடை நிறுப்பவர், ஸ்லைடு பார்ப்பவர், சாணத்தில் முட்டை எண்ணுபவர் ஆகியோருக்கு எது எந்தக் குழு என்று தெரியக் கூடாது. தீவனப் பைகளுக்கு ‘அ’, ‘ஆ’ என்று குறியிட்டு, திறவுகோலை வழிகாட்டியிடம் கொடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

தீவனமும் எடையும்

குட்டிகள் கொட்டிலுக்கு வந்ததும் குடற்புழு நீக்கமும் தடுப்பூசியும் எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் முடியட்டும். பிறகு புதிய தீவனத்துக்குப் பழகக் குறைந்தது 14 நாட்கள் கொடுங்கள். 21 இன்னும் நல்லது. முதல் இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் புதிய பொருளுக்கு ஏற்ப மாற அவகாசம் வேண்டும். அடர்தீவனத்தை ஒரே நாளில் ஏற்றினால் வயிற்றில் அமிலம் கூடி, தீவனம் தொடாமல், கழிச்சல் கண்டு, ஆய்வு தொடங்கும் முன்பே குட்டிகள் சரிந்துவிடும்.

முழு ஆய்வுக்குமான மூலப்பொருட்களை ஒரே தொகுதியில் வாங்கிவிடுவது சிறந்தது. முடியாவிட்டால் ஒவ்வொரு முறை கலக்கும்போதும் மூட்டையின் மேல், நடு, அடி மூன்றிடத்திலும் எடுத்து அரைக் கிலோ மாதிரி வையுங்கள். ஈர மாதிரியை 60 முதல் 65 டிகிரி செல்சியஸில் 48 மணி நேரம் உலர்த்தி அரைத்து வையுங்கள். உலர்பொருள் கணக்குக்கு மட்டும் தனியாகச் சிறிதளவை 105 டிகிரியில் வைக்கலாம். நார்ப்பொருளும் புரதமும் பார்க்கப் போகும் மாதிரியை அந்தச் சூட்டில் வைத்தால் புரதம் நாரோடு பிணைந்து, நார் அளவு பொய்யாக ஏறும்.

எஞ்சிய தீவனத்தை அலட்சியப்படுத்தாதீர்கள். காலையில் தொட்டிக்குள் கையை விட்டுப் பாருங்கள். உடைத்த தானியம் போயிருக்கும். அடியில் பச்சை நிறத்தில் மாவாக ஒரு படலம் கிடக்கும், ஓரங்களில் எச்சிலோடு சேர்ந்து கட்டியாகப் பிடித்திருக்கும். அதுதான் உங்கள் இலைத் தூள். 20 சதவீதம் கொடுத்தோம் என்று எழுதுகிறீர்கள், ஆடு பொறுக்கித் தின்று 8 சதவீதம்கூட உள்ளே போகாமல் இருந்திருக்கலாம். தினமும் எஞ்சியதை நிறுத்து, வாரத்துக்கொரு முறை அதன் மாதிரியையும் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புங்கள். பெல்லட்டாக்கிக் கொடுத்தாலோ, சிறிது வெல்லப்பாகு தெளித்துக் கலந்தாலோ பொறுக்குவது வெகுவாகக் குறையும். விரும்பிய மட்டும் தின்னவிடும் ஆய்வில், கொடுத்ததில் ஏறத்தாழ 10 சதவீதம் மிஞ்சும்படி அன்றாட அளவைச் சரிசெய்யுங்கள். தொட்டி துடைத்தாற்போல் இருந்தால் குட்டி அரைவயிறோடு இருந்திருக்கிறது.

எடை நிறுப்பது காலையில், தீவனமும் தண்ணீரும் வைப்பதற்கு முன், அதே தராசில், அதே நேரத்தில். 15 கிலோ குட்டி ஒரு லிட்டர் தண்ணீர் குடித்தால் எடை ஒரு கிலோ ஏறும். நாளுக்கு 80 கிராம் வளரும் குட்டிக்கு அது 12 நாள் வளர்ச்சி. அதனால் தொடக்க எடையையும் இறுதி எடையையும் அடுத்தடுத்த இரண்டு காலைகளில் எடுத்துச் சராசரி காணுங்கள். ஒவ்வொரு முறையும் தெரிந்த எடைக்கல் ஒன்றைத் தராசில் வைத்துப் பார்த்து, காட்டிய எண்ணை ஏட்டில் குறியுங்கள்.

காதுத் தோடு அறுந்து விழும். இரண்டு காதிலும் போடுங்கள், அல்லது கழுத்துப் பட்டையிலும் எண் எழுதுங்கள். ஒரே நிறத்தில் இரண்டு குட்டிகள் தோடில்லாமல் நின்றால் இரண்டின் தரவும் போயிற்று.

மாதிரிகள்

ரத்தம் எடுக்கப் போகும் முன் எந்தச் சோதனைக்கு எந்த டியூப் என்று ஆய்வுக்கூடத்தாரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ரத்த அணுக்கள் எண்ண ஈடிடிஏ (ரத்தம் உறையாமல் தடுக்கும் வேதிப்பொருள்) உள்ள டியூப், சீரத்துக்கு (ரத்தம் உறைந்தபின் மேலே நிற்கும் தெளிந்த நீர்) வெறும் டியூப், சர்க்கரைக்கு ஃபுளோரைடு உள்ள டியூப். முதலில் வெறும் டியூப், பிறகே ஈடிடிஏ. வரிசை மாறி, பொட்டாசியம் சேர்ந்த ஈடிடிஏ ஒரு துளி சீர டியூபுக்குள் போனாலும் பொட்டாசியம் எகிறும், கால்சியம் வீழும். இல்லாத நோயைக் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

சிரிஞ்சில் எடுத்தால் ஊசியைக் கழற்றிவிட்டு, டியூபின் சுவரில் வழியவிடுங்கள். ஊசி வழியாகவே அழுத்திப் பீச்சினால் சிவப்பணுக்கள் உடையும். ஈடிடிஏ டியூபை எட்டுப் பத்து முறை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்துங்கள், குலுக்காதீர்கள். சீர டியூபை அறை வெப்பநிலையில் 30 முதல் 60 நிமிடம் உறையவிட்ட பிறகே சென்ட்ரிபியூஜில் வையுங்கள். சுழல்வேகத்தை மட்டும் எழுதினால் போதாது. ஆரம் 10 செ.மீ. உள்ள கருவியில் நிமிடத்துக்கு 3,000 சுற்று என்பது ஏறத்தாழ 1,000 மடங்கு ஈர்ப்பு விசை, 15 செ.மீ. ஆரத்தில் அதே சுற்று 1,500 மடங்கு. விசையை எழுதினால்தான் இன்னொருவர் அதை அப்படியே செய்து பார்க்க முடியும். மேலே நிற்கும் சீரம் வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டும். இளஞ்சிவப்பாக இருந்தால் அணுக்கள் உடைந்திருக்கின்றன. ஏஎஸ்டி, எல்டிஎச் நொதிகளின் அளவு பொய்யாகக் கூடும். அந்த மாதிரிக்கு நேரே அப்போதே குறிப்பு எழுதுங்கள்.

கார்டிசால் என்னும் மனஅழுத்த ஹார்மோனைப் பார்க்கப் போகிறீர்களா? விலங்கைப் பிடித்துச் சில நிமிடங்களிலேயே அது ஏறத் தொடங்கிவிடும். துரத்திப் பிடித்து, பத்து நிமிடம் போராடி எடுத்த ரத்தம் உங்கள் தீவனத்தின் கதையைச் சொல்லாது. பிடித்த விதத்தைத்தான் சொல்லும். அதற்கென்று ஒரு வாரம் முன்பிருந்தே குட்டிகளைக் கையாளப் பழக்குங்கள்.

சீரத்தை ஒரே குப்பியில் உறைய வைக்காமல் மூன்று நான்கு சிறு குப்பிகளில் பிரித்து வையுங்கள். ஒவ்வொரு முறை உருகி உறையும்போதும் தரம் குறையும். தானாகப் பனி நீக்கும் வீட்டுப் பிரீசர் வேண்டாம். அது இடையிடையே சூடாகித் திரும்பக் குளிரும். இரவில் மின்சாரம் போய் வந்ததா என்று அறிய எளிய வழி ஒன்று: ஒரு கிண்ணத்தில் தண்ணீரை உறைய வைத்து, பனிக்கட்டியின் மேல் ஒரு நாணயத்தை வைத்து பிரீசருக்குள்ளேயே விட்டுவிடுங்கள். நாணயம் அடியில் போய் உறைந்திருந்தால் எல்லாம் ஒருமுறை உருகிவிட்டது. சாதாரண மார்க்கர் எழுத்து, ஸ்பிரிட் பட்ட கையுறை தொட்டாலே அழியும். பனியில் உரியாத லேபிளில், எழுத்து அழியாத பேனாவால், ஆய்வு எண், விலங்கு எண், தேதி மூன்றையும் எழுதுங்கள். மூடியில் எழுதவே கூடாது. மூடிகள் இடம் மாறும்.

சாணத்தை மலக்குடலிலிருந்தே எடுங்கள். தரையிலிருந்து எடுத்தால் மண்ணில் திரியும் புழுக்களும் சேர்ந்துவரும். முட்டை எண்ணும் மாதிரியை உறைய வைக்காமல் 4 டிகிரியில் வையுங்கள். வெளியே கிடந்தால் முட்டைகள் பொரிந்து எண்ணிக்கை குறையும். மெக்மாஸ்டர் முறையில் (இரண்டு அறைகள் உள்ள எண்ணும் ஸ்லைடு) 4 கிராம் சாணத்தை 56 மி.லி. செறிந்த உப்புக் கரைசலில் கலக்கி, வடிகட்டி, இரண்டு அறைகளையும் நிரப்பி ஐந்து நிமிடம் மிதக்கவிட்டு எண்ணினால், ஒவ்வொரு முட்டைக்கும் கிராமுக்கு 50 என்று கணக்கு. ஒன்றுமே தெரியாவிட்டால் ‘0’ என்பதன் பொருள் ‘50க்குக் கீழே’ என்பதே.

திசுக்களை 10 சதவீத நடுநிலை பஃபர் ஃபார்மலினில், திசுவின் கனஅளவைப் போல் பத்து மடங்கு திரவத்தில், அரை செ.மீ. தடிமனுக்கு மிகாமல் வெட்டிப் போடுங்கள். கல்லீரலை முழுத் துண்டாகப் போட்டால் வெளிப்புறம் பதப்பட்டு உட்புறம் அழுகும். அதே திசுவில் பாக்டீரியா வளர்க்கவும் வேண்டுமென்றால் ஃபார்மலினில் போடும் முன்பே ஒரு பகுதியைத் தனியே எடுத்துவிடுங்கள்.

உங்கள் உடம்பையும் பாருங்கள். கருச்சிதைவு கண்ட விலங்கின் நஞ்சுக்கொடியை வெறுங்கையால் தொட்டால் புரூசெல்லா என்னும் பாக்டீரியா தொற்றலாம். வெறிநாய்க்கடி நோய் உள்ள இடத்தில் முன்தடுப்பு ஊசி போட்ட பிறகே களத்துக்குப் போங்கள். திடீரென்று செத்து, துவாரங்களில் உறையாத ரத்தம் வடியும் விலங்கை அறுக்காதீர்கள். அது அடைப்பானாக (ஆந்த்ராக்ஸ்) இருக்கலாம்.

தரவும் பகுப்பாய்வும்

ஒரு வரியில் ஒரு விலங்கு, ஒரு நாள். எக்செல் கட்டங்களுக்கு மஞ்சள், சிவப்பு நிறம் பூசிப் பொருள் வைக்காதீர்கள். மென்பொருளுக்கு நிறம் தெரியாது. எடுக்கப்படாத அளவு வேறு, பூஜ்யம் வேறு. எடுக்கப்படாததைக் காலியாக விட்டு, ஏன் என்று பக்கத்து நிரலில் எழுதுங்கள். கள ஏட்டை அன்றன்றே படமெடுத்து வையுங்கள். மூலக் கோப்பைப் பூட்டிவிட்டு நகலில்தான் வேலை.

90 நாட்களில் வாரந்தோறும் எடுத்த எடையை வாரத்துக்கு ஒரு டி சோதனை (இரண்டு சராசரிகளை ஒப்பிடும் புள்ளியியல் சோதனை) என்று பிரித்துப் பார்ப்பது பரவலான தவறு. ஒரே குட்டியின் எடைகள் ஒன்றோடொன்று தொடர்புடையவை. அதோடு, ஒன்றையொன்று சாராத 20 சோதனைகள் செய்தால், எந்த வேறுபாடும் இல்லாதபோதும் ஒன்றாவது ‘குறிப்பிடத்தக்கது’ என்று வரும் வாய்ப்பு 64 சதவீதம். ஒரே விலங்கின் அளவீடுகள் தொடர்புடையவை என்பதைக் கணக்கில் எடுக்க, விலங்கைத் தற்செயல் காரணியாக வைக்கும் கலப்பு மாதிரி (mixed model) என்னும் புள்ளியியல் முறைதான் இதற்கு உரியது. புழு முட்டை எண்ணிக்கையில் சில ஆடுகளே மொத்தச் சுமையையும் சுமக்கும். சராசரியும் திட்ட விலக்கமும் அங்கே ஏமாற்றும், மடக்கைக்கு (லாகரிதம்) மாற்றியோ எதிர்மறை ஈருறுப்புப் பரவலை (இப்படிச் சிலவற்றில் குவியும் எண்ணிக்கைகளுக்கான புள்ளியியல் பரவல்) வைத்தோ பாருங்கள். இதையெல்லாம் புள்ளியியலாளரிடம் ஆய்வு தொடங்கும் முன் பேசிவிடுங்கள். முடிந்தபின் போனால் அவரால் என்ன தவறு என்று சொல்ல முடியும், சரிசெய்ய முடியாது.

முடிவில் பி மதிப்பை (வேறுபாடே இல்லாதபோதும் இவ்வளவு அல்லது இதைவிடப் பெரிய வேறுபாடு தற்செயலாகத் தெரியும் வாய்ப்பு) மட்டும் தராமல் வேறுபாடு எவ்வளவு, அதன் 95 சதவீத நம்பிக்கை எல்லை எது என்று எழுதுங்கள். ‘வேறுபாடு 6 கிராம், எல்லை −12 முதல் 24 வரை’ என்றால் படிப்பவருக்கு எல்லாம் விளங்கும். ஒத்துவராத விலங்கை நீக்க வேண்டுமென்றால், ஆய்வுக்கு முன்பே எழுதிவைத்த காரணம் இருக்க வேண்டும்.

ஆய்வேடு

செய்முறைப் பகுதியைக் கடைசிக்கு ஒத்திப்போடாமல் வேலை நடக்கும் மாதங்களிலேயே எழுதுங்கள். கருவியின் மாதிரி எண், வேதிப்பொருளின் தொகுதி எண், குட்டி இறந்த தேதி எல்லாம் அப்போதுதான் கையில் இருக்கும். எத்தனை விலங்குகளோடு தொடங்கி எத்தனையோடு முடித்தீர்கள், இடையில் போனவை ஏன் போயின என்பதை மறைக்காமல் எழுதுங்கள். தேர்வாளர் முதலில் தேடுவது அதைத்தான்.

பழைய தீவனத்துக்கு உடனே திருப்பாமல் ஒரு வாரத்தில் படிப்படியாக மாற்றியே குட்டிகளைப் பண்ணையில் ஒப்படையுங்கள். பிரீசரில் மிஞ்சிய குப்பிகளுக்குப் பட்டியல் தயாரித்து, எந்தத் தட்டு, எந்தப் பெட்டி, எந்த வரிசை என்று எழுதி, தரவுக் கோப்பின் நகலோடும் குலுக்கல் தாளோடும் வழிகாட்டியிடம் கொடுங்கள். அடுத்து வரும் மாணவர் அதே குட்டிகளின் சீரத்தில் வேறொரு கேள்வியைக் கேட்க விரும்பினால், இன்னொரு குட்டியின் கழுத்தில் ஊசி குத்த வேண்டியிருக்காது.